தலைக்கனம்

ஆண்டவன் துணை.
திங்கட்கிழமை, காலை

என்றும் என் நினைவில் முன்னால் நிற்கும் உங்களுக்கு,

வணக்கம். நீங்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிற நேரமும் ஏறுகிற நேரமும் எனக்கு மனப்பாடம். அந்த இரண்டு வேளையும் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு ஒரு நிமிடம் கும்பிட்டுக்கொள்கிறேன். அத்தைக்கு மூட்டு வலி சற்றுத் தேவலை. "அவன் இளைச்சிருப்பான்" என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிடுகிறார். உங்கள் முகாமில் செல்போன் சிக்னல் எடுக்காதது ஒரு விதத்தில் நல்லதுதான். எடுத்தால் அதையே உங்களிடம் தினமும் சொல்வார்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை முகாம் வேனில் வந்தது. நான்கு வரி. நான்கையும் நான்கு முறை படித்தேன். கடையில் சாமான் சீட்டு எழுதுகிறவர்கூட உங்களைவிட நீளமாக எழுதுகிறார் என்று உங்கள் தங்கை சிரிக்கிறாள்.

நிலத்துச் செய்தி. மக்காச்சோளத்தில் புழு விழுந்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா? கீழ் நிலம் முழுக்க மருந்து அடித்தாகிவிட்டது. மேட்டு நிலத்தில் பெரும்பகுதி பாக்கி. பழைய தொட்டி அடியில் அரித்துப்போனதால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் விற்ற அறுநூறு லிட்டர் தொட்டியை டிராக்டருக்குப் பின்னால் மாட்டியிருக்கிறோம். பழையதைப் போல் இரண்டு மடங்கு. (செலவு விவரம் தனித்தாளில் இருக்கிறது. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.) அதை மாட்டியதிலிருந்து சரிவில் ஏறும்போது வண்டியின் முன்சக்கரம் லேசாகத் தரையை விட்டு எழும்புகிறது. உங்கள் தங்கை அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னாள். "அண்ணி, வண்டிக்குத் தலைக்கனம் பத்தலை. எங்க அண்ணன்கிட்ட நிறைய இருக்கு, கொஞ்சம் அனுப்பி வைக்கச் சொல்லுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்டு எழுதினேன்.

அதற்கு நீங்கள் எழுதியது: "மேட்டுக்குப் போகும்போது முன்னாடி வெயிட் போட்டுக்கொண்டு ஏறச் சொல். பயம் வேண்டாம்."

அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டேன். இதுவரை அவள் தொட்டியில் கால் பங்கு தண்ணீரோடு ஏறி, மேலே உள்ள குழாயில் மீதியை நிரப்பிக்கொண்டிருந்தாள். இனிமேல் கீழேயே முழுக்க நிரப்பிக்கொண்டு ஏற வேண்டுமாம், உன் அண்ணன் சொல்கிறார் என்றேன். "தலைகீழால்ல இருக்கு? பின்னாடி கனம் கூடினா இன்னும்ல தூக்கும்?" என்றாள். பத்து வருடம் ஓட்டியவருக்குத் தெரியாதா என்றேன். "எனக்குன்னு சொல்லி எழுதியிருக்காரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உடனே போய்த் தொட்டியைக் கழுவ ஆரம்பித்தாள்.

நாளைக் காலை முழுத் தொட்டியோடு ஏறப்போகிறாள். எனக்கு என்னவோ நிலைகொள்ளவில்லை. இதை எழுதும்போதே மூன்று முறை எழுந்துபோய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஓடாமல் நிற்கிற வண்டியில் என்ன தெரியப்போகிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தலையில் கவசம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். ஆண்டவன் உங்கள் தலைமேல் இருக்கட்டும்.

உங்கள் சொல் தவறாத
மனைவி


ஆண்டவன் காப்பாற்றினான்.
புதன்கிழமை

என் அன்புக்குரிய உங்களுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை உயிரோடு இருக்கிறாள். எலும்பு எதுவும் முறியவில்லை. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, கட்டுப் போட்டிருக்கிறோம். இதைப் படித்து மூச்சு விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள். திங்கட்கிழமை எழுதியது வேனுக்குக் காத்திருந்தது. அதையும் இதையும் ஒன்றாகவே அனுப்புகிறேன்.

நேற்றுக் காலை, நீங்கள் சொன்னதாக நான் சொன்னபடி, தொட்டியை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு ஏறினாள். நான் வரப்பில் நின்றேன். சரிவில் பாதி தூரம் போனதும் வண்டி ஒரு முறை திணறியது. அவள் கிளட்சை விட்டுக் கொஞ்சம் வேகம் கொடுத்தாள். அவ்வளவுதான். முன்சக்கரம் இரண்டும் என் இடுப்பு உயரத்துக்கு எழும்பின. வண்டியின் முகம் வானத்தைப் பார்த்தது. அந்த நேரத்தில் நான் எந்தக் கடவுளையும் கூப்பிடவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். அவள் கிளட்சை மிதித்துவிட்டாள். முன்பக்கம் தொம்மென்று தரையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் ஸ்டியரிங் சுழன்று கையை முறுக்கியது. வண்டி பின்னால் உருண்டு, வரப்புக் கல்லில் தொட்டி மோதி நின்றது. தொட்டி விரிசல் விட்டு, கலந்த மருந்து முழுக்கச் சரிவில் ஓடியது. ஒரு நொடி தாமதித்திருந்தால் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்திருக்கும். அவள் அடியில் இருந்திருப்பாள்.

மெக்கானிக் 'போல்ட்டு' வந்து பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். உங்கள் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை, காட்டுங்கள் என்றார். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அக்கா! முன்னாடின்னா முன்பக்கம்! பம்பர்ல மாட்டற வெயிட்டு! ஏறதுக்கு முன்னாடின்னா எழுதியிருக்காரு?" என்றார்.

கடிதத்தை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தேன்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். நீங்கள் "வெயிட்" என்று எழுதியிருந்தீர்கள். நான் அவளிடம் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாக எழுத்துக் கூட்டிப் படித்தவள் அல்லவா? நல்ல தமிழில் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு. "ஏறுவதற்கு முன்னாடியே பாரத்தை ஏற்றிக்கொள், கீழேயே தொட்டியை நிரப்பிக்கொள்" என்று திருத்திச் சொன்னேன். வெயிட் என்று கேட்டிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். அவள் மாமனார் வீட்டில் ஓட்டிய வண்டியில் முன்னால் இரும்புக் கட்டைகள் இருந்தனவாம், அவற்றுக்கு வெயிட் என்றுதான் பெயராம். நீங்கள் ஒரு சொல்லைக் குறைத்து எழுதினீர்கள், நான் ஒரு சொல்லை மாற்றினேன். இடையில் ஒருத்தி மேடு ஏறினாள்.

அவளிடம் போய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி அழுதேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விடுங்க அண்ணி. எனக்கு அப்பவே தோணுச்சு தப்புன்னு. ஆனா ரெண்டு வருஷத்துல அண்ணன் எனக்குன்னு அக்கறையா சொன்ன மொதல் வார்த்தை அது. எப்படி எதுத்துப் பேசறது?" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதற்குமேல் எழுதினால் நாளைய வேனைத் தவற விட்டுவிடுவேன். புழு குருத்துக்குள் இறங்க ஆரம்பித்துவிட்டது. நானும் வேலைக்கு வரும் பெண்கள் இரண்டு பேரும் முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு மேட்டின் ஓரத்து வரிசைகளுக்காவது அடித்துக்கொண்டிருக்கிறோம். கடலைக் கரண்டியால் இறைக்கிற கதைதான்.

அவளுக்கு இரண்டு வார்த்தை எழுதுங்கள். உங்கள் உயிருக்கு ஆண்டவன் காவல்.

மன்னிப்பு வேண்டும்
உங்கள் மனைவி


ஆண்டவன் துணை.
அடுத்த புதன்கிழமை, மதியம்

என் மதிப்புக்குரிய உங்களுக்கு,

சனிக்கிழமை வேனில் உங்கள் பதில் வந்தது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் வண்டி.

வண்டியோடு வந்த புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். பாதி புரியவில்லை. படங்கள் புரிந்தன. பின்சக்கரத்தின் அச்சுதான் தராசு முள். தொட்டி ஒரு தட்டு, வண்டியின் முகம் இன்னொரு தட்டு. துடைப்பக் கட்டையை விரல்மேல் வைத்து, ஒரு பக்கம் தண்ணீர்ச் செம்பைக் கட்டிப் பார்த்துக்கொண்டேன். அத்தை பார்த்துவிட்டு, இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது, இவள் புருஷனுக்கு யாராவது சொல்லி அனுப்புங்கள் என்று வேலைக்கு வந்த பெண்ணிடம் சொல்லியிருக்கிறார்.

போல்ட்டு தொட்டியை ஒட்டிக் கொடுத்தார். அதைத் தண்ணீர் நிரப்பி மாட்டிக்கொண்டு, அவரையே ஓட்டச் சொல்லி எடைமேடைக்குப் போனோம். முன்சக்கரம் மட்டும் மேடையில் ஏறட்டும், பின்சக்கரம் வெளியே நிற்கட்டும் என்றேன். எடை போடுகிறவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். "ஏம்மா, பாதி வண்டியத்தான் விக்கப் போறீங்களா?" என்றார். "இல்லைங்க, மீதி பாதிய நம்ப முடியுமான்னு பாக்கறோம்" என்று போல்ட்டு சொன்னார்.

என் கணக்கு நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். புத்தகத்தின்படி, தொட்டி இல்லாத வண்டி முழுதும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ. அதில் முன்சக்கரத்தின்மேல் எழுநூற்று அறுபது. தொட்டியை நிரப்பி மாட்டியதும் முன்சக்கரத்தில் நின்றது வெறும் முந்நூறு. வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது முந்நூற்று எண்பதாவது, முன்னால் அழுத்த வேண்டும் என்கிறது புத்தகம். அதுவும் சமதரையில். சரிவில் அவள் எதன்மேல் ஏறிப் போனாள் என்று அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுக்க உறைத்தது. நோட்டை மூடிவிட்டேன்.

உதிரிபாகக் கடையில் பிடி வைத்த இரும்பு வெயிட்டுகள் கிடைத்தன. ஒன்று இருபது கிலோ, எட்டு வாங்கினேன். வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். "அக்கா, அவன் உப்பு விக்கலை, இரும்பு விக்கறான், ஈரத்துல ஏறாது" என்று போல்ட்டு கிண்டல் செய்தார். ஏழு சரியாக இருந்தன. ஒன்றில் கால் கிலோ குறைந்தது. நடுவில் மாட்டச் சொன்னேன். பம்பருக்கு முன்னால் தாங்கியைப் போல்ட் போட்டு முடுக்கி, எட்டையும் வரிசையாகக் கோத்து, குறுக்கே கம்பியைச் செருகி, கழன்றுவிடாமல் பூட்டு ஊசி போட்டார். முன் டயரில் காற்றையும் புத்தகம் சொன்ன அளவுக்குக் கூட்டினார். வேலை செய்ய வந்தவர்களில் ஒருவர், இதற்கு எதற்கு இவ்வளவு, பானட்டின்மேல் நான் ஒருத்தன் உட்கார்ந்துகொள்கிறேனே என்றார். உட்காருகிறவர் விழுந்தால் எந்தச் சக்கரத்தடியில் விழுவார் என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

மறுபடி எடைமேடை. நான் நூற்று அறுபது கிலோதான் வைத்தேன். முன்சக்கரத்தில் இருநூற்று இருபது கூடியிருந்தது. ஐந்நூற்று இருபது. தராசு பொய் சொல்கிறது என்றே நினைத்தேன். பிறகு துடைப்பக் கட்டையை நினைத்துக்கொண்டேன். வெயிட் சக்கரத்தையும் தாண்டி முன்னால் தொங்குகிறது. அச்சை விட்டுத் தள்ளி இருக்க இருக்க, இருக்கிற கனத்தைவிட அதிகமாக அழுத்தும். நீங்களும் தள்ளித்தான் இருக்கிறீர்கள். உங்கள் ஒரு வரி இந்த வீட்டில் எவ்வளவு அழுத்துகிறது என்பதை எடைமேடையில் காட்ட முடியாது.

நேற்று போல்ட்டு முழுத் தொட்டியோடு அந்தச் சரிவில் ஒரு முறை ஏறிக் காட்டினார். முன்சக்கரம் மண்ணில் பதிந்து, கோடு போட்டதைப் போலப் போயிற்று. இருந்தாலும் ஏறும்போது தொட்டி முழுக்க வேண்டாம், பழையபடி மேலே போய் நிரப்பிக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தார். ஒரு தொட்டி அடித்தாயிற்று. இன்னும் ஏழு தொட்டி அடிக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை இருக்கிறது, போய்விட்டார். வண்டி வாசலில் நிற்கிறது. ஓட்டத் தெரிந்தவள் உள்ளே இருக்கிறாள்.

ஏற மாட்டேன் என்கிறாள். வீக்கம் வடிந்துவிட்டது. கட்டையும் அவிழ்த்துவிட்டாள். காலையில் அவளே வெளியே வந்து எட்டு வெயிட்டையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். "வண்டி சரியாயிடுச்சு அண்ணி. எனக்குத்தான் முன்பக்கம் தூக்குது" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். எங்கள் இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை. பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய பழைய சிநேகிதி ஒரு துணி ஆலையில் இருக்கிறாளாம். தங்க இடமும் வேலையும் கொடுக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் போகிறேன் என்கிறாள். பையில் நாலு புடவையை வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி வைத்தாள். அத்தை அதைப் பார்த்ததிலிருந்து சாப்பிடவில்லை. மூட்டு வலியைப் பற்றியும் பேசவில்லை.

இப்போது உங்கள் பதில். ஒரே வரி. "இனி அவளை வண்டியில் ஏற்றாதே, வாடகைக்கு ஆள் வை."

அதை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. திருமணமான நாள் முதல் நீங்கள் எழுதிய ஒரு சொல்லையும் நான் மறைத்ததில்லை. இதை மறைத்தேன். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள். எல்லோரையும் விசாரித்திருக்கிறார் என்றேன். பொய். அதற்கு ஆண்டவனிடம் கணக்குச் சொல்லிக்கொள்கிறேன். பயந்துபோய்த்தான் நீங்கள் அப்படி எழுதினீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் எழுத்து அந்த வரியில் சாய்ந்திருக்கிறது, பேனா தாளைக் கிழித்திருக்கிறது. ஆனால் அவளுக்குச் சாய்ந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. வரியைத்தான் படிப்பாள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் புருஷன் வீடு வேண்டாம் என்று அவள் பையோடு வாசலில் நின்றபோது, "சோத்துக்குப் பஞ்சமில்லை, இருக்கட்டும்" என்று சொன்னீர்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். அவள் அங்கேயேதான் நின்றாள். அன்றிலிருந்து இன்று வரை அவளிடம் சொல், அவளைக் கேள், அவளைச் செய்யச் சொல் என்று எல்லாம் என் வழியாகவே போகிறது. நானும் பெருமையோடு நடுவில் நின்றேன், வீட்டுக்கே நான்தான் அச்சு என்று. எனக்கும் தலைக்கனம் இருந்திருக்கிறது. அச்சு இரண்டு பக்கமும் தாங்கும். ஆனால் ஒரு பக்கம் சொல்வதை மறுபக்கம் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போன செவ்வாய்க்கிழமை இப்படி ஆகியிருக்காது.

அவள் அந்த மேட்டில் கிளட்சை மிதித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு நொடியில் நானாக இருந்தால் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருப்பேன். போல்ட்டும் அதையேதான் சொன்னார். "தங்கச்சி கால் வேலை செஞ்சதால வண்டி இன்னிக்கு நிக்குது, இல்லன்னா கவுந்திருக்கும்" என்றார். இதை அவளிடம் நான் சொன்னால், அண்ணி ஆறுதல் சொல்கிறார்கள் என்று நினைப்பாள். நூறு முறை சொன்னாலும் அப்படித்தான் நினைப்பாள்.

இந்தக் கடிதம் நாளை வேனில் வரும். வேன் திரும்புவது சனிக்கிழமை. பேருந்து ஞாயிற்றுக்கிழமை காலை.

இத்துடன் ஒரு உறை வைத்திருக்கிறேன். மேலே உங்கள் தங்கையின் பெயரை நானே எழுதிவிட்டேன். உள்ளே வைக்கத் தாளையும் மடித்து வைத்திருக்கிறேன். நீளமாக எழுத வேண்டாம். நல்ல தமிழில் எழுத வேண்டாம். உங்களுக்கு வருகிற மாதிரி நான்கு வரி எழுதி, நீங்களே ஒட்டிவிடுங்கள்.

நான் அதைப் பிரிக்க மாட்டேன். சனிக்கிழமை வேன் வந்ததும் வாங்கி, அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுவேன்.

ஆண்டவன் உங்களுக்கு நல்ல வார்த்தையைக் கொடுக்கட்டும்.

காத்திருக்கும்
உங்கள் மனைவி